டியூப் போட்ட பிறகு: அரிதான சிக்கல்களைக் கடிகாரத்தை வைத்துப் பிடிப்பது எப்படி?

மூச்சு டியூப் போட்டு எடுத்த நோயாளி மறுநாள் காலை "தொண்டை வலிக்குது, குரல் கம்மிப்போச்சு" என்றால் வார்டில் யாரும் பதறுவதில்லை. பதற வேண்டியதும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் தானாகச் சரியாகிவிடும். ஆனால் குரல்வளையின் மூட்டு நழுவிப்போனவரும் இதே வார்த்தைகளைத்தான் சொல்வார். மூச்சுக்குழாய் கிழிந்தவருக்கு முதலில் தெரிவது "கழுத்து கொஞ்சம் உப்பியிருக்கு" என்பது மட்டும்தான். மூச்சுக்குழாய் சுருங்கியவர் ஆஸ்துமா மருந்தை உறிஞ்சிக்கொண்டு மாதக்கணக்கில் அலைவார். அரிதான சிக்கல்கள் தமக்கென்று தனி அறிகுறியோடு வருவதில்லை, சாதாரணப் புகாரின் பெயரிலேயே வருகின்றன. அவற்றைக் காட்டிக்கொடுப்பது நேரம்தான். எப்போது தொடங்கியது, எத்தனை நாளில் போயிருக்க வேண்டும், ஏன் இன்னும் போகவில்லை என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

அதனால் இந்த வழிகாட்டியை உறுப்பு வாரியாகப் பிரிக்காமல் கடிகாரத்தின் வரிசையில் எழுதியிருக்கிறேன். மயக்கவியல் படிக்கும் இளம் மருத்துவர்கள், ஐசியூ செவிலியர்கள், டெக்னீஷியன்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது. வீட்டில் ஒருவருக்கு டியூப் போட்டு எடுத்திருப்பதால் தேடி வந்தவர்கள் நேராகக் கடைசி இரண்டு படிகளுக்குப் போய்விடலாம். டியூப் போடுவது மூத்தவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, கையால் கற்கும் வேலை. அதற்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 1: கையில் லாரிங்கோஸ்கோப்பை (குரல்வளையைப் பார்க்கும் கருவி) எடுக்கும் முன்

வாயைத் திறக்கச் சொல்லிப் பற்களைப் பாருங்கள். மயக்க மருத்துவர்கள் மேல் வரும் புகார்களில் பல் சேதத்துக்கு எப்போதும் முன்வரிசை இடம். அதிலும் மேல் வரிசை முன்பற்கள்தான் அதிகம் அடிபடுகின்றன. ஆடும் பல், செயற்கைப் பல், கிரௌன் எதுவாக இருந்தாலும் எழுதி வையுங்கள். டியூப் போட்ட பிறகு ஒரு பல் குறைகிறது என்றால் அது கையில் கிடைக்கும்வரை தேடுங்கள். வாயிலும் படுக்கையிலும் இல்லையென்றால் எக்ஸ்ரே. வயிற்றுக்குள் போயிருந்தால் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். நுரையீரலுக்குள் போயிருந்தால் பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கருவி) வைத்து எடுத்தாக வேண்டும்.

முன்பே குரல் கம்மியிருந்ததா என்று ஒரு வரி கேட்டு, பதிலை எழுதுங்கள். பின்னால் ஏதாவது நடந்தால் அந்த ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு அப்போது தெரியும். மூட்டுவாதம் (ருமட்டாய்டு) முற்றியவர்கள், டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள் ஆகியோருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே பிடிப்பு தளர்ந்திருக்கலாம். கழுத்தைச் சாதாரணமாக வளைப்பதே அவர்களுக்குத் தண்டுவடத்தை நசுக்கிவிடக்கூடும். மண்டை ஓட்டின் அடிப்பகுதி உடைந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மூக்கு வழியாகப் போடுவதைத் தவிருங்கள். அப்படிப் போட்ட டியூப் மண்டைக்குள் போய் நின்ற நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

டியூப் அளவை ஆண், பெண் என்று மட்டும் பார்த்து எடுக்காதீர்கள், உயரத்தையும் பாருங்கள். பெண்களுக்கு 7, ஆண்களுக்கு 8 மி.மீ. என்பது பொதுக்கணக்கு. குள்ளமானவர்களுக்கு அந்தக் கணக்கு பெரிதாகிவிடும். ஐசியூவில் சளி உறிஞ்சவும் பிராங்கோஸ்கோப் விடவும் பெரிய டியூப் வசதிதான். ஆனால் அந்த வசதிக்கு விலை கொடுப்பது நோயாளியின் குரல்வளை.

ஸ்டைலெட்டின் (டியூபை விறைப்பாக வைக்க அதற்குள் விடும் கம்பி) நுனி டியூபைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? அரை செ.மீ. நீட்டினாலும் அது ஊசிதான். பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்டைலெட் என்றால் உறை கிழியாமல் முழுசாக இருக்கிறதா என்று போடும் முன்னும் உருவிய பின்னும் பாருங்கள். உருவும்போது உறை வழன்று டியூபுக்குள்ளோ மூச்சுக்குழாய்க்குள்ளோ தங்கி, பிறகு "காரணமில்லாத" அடைப்பாக வெளிப்பட்டதுண்டு. உருவிய ஸ்டைலெட்டை ஒரு நொடி விளக்கில் காட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இது நடக்காது.

அரிதானவற்றைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி நடப்பதை மறந்துவிடக் கூடாது. 29 நாடுகளில், உயிருக்கு ஆபத்தான நிலையிலிருந்த 2,964 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2021-ல் வெளியானது. டியூப் போடும் சமயத்தில் அவர்களில் 45 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பெரிய பாதிப்பு ஏற்பட்டது. இரத்த அழுத்தமும் இதய இயக்கமும் குலைந்ததுதான் அதில் முக்கால்வாசிக்கும் மேல். 3.1 சதவீதம் பேருக்கு இதயமே நின்றது. மூச்சுக்குழாய் கிழியுமோ என்று கவலைப்படும் முன், இரத்த அழுத்தத்தை நிமிர்த்தி, ஆக்சிஜனை நிரப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 2: டியூப் உள்ளே போகும் அந்த அரை நிமிடம்

வீடியோ லாரிங்கோஸ்கோப் வந்த பிறகு குரல் நாண்கள் தெரியாத நோயாளி என்பதே குறைந்துவிட்டது. ஆனால் அதுவே ஒரு புதிய காயத்தையும் கொண்டுவந்தது. போடுபவரின் கண் திரையில் இருக்கும்போது, டியூபின் நுனி வாயின் வலப்பக்கத்தில் யாரும் பார்க்காத ஒரு பகுதியைக் கடக்கிறது. கெட்டியான ஸ்டைலெட் உள்ளே இருந்தால் மேலண்ணத்தின் மென்பகுதியையோ டான்சில் பக்கத்துத் தசையையோ துளைத்துக்கொண்டு போய்விடும். டியூப் சரியான இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும், கேப்னோகிராஃபும் (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைத் திரையில் காட்டும் கோடு) அழகாக வரும். வாயைத் திறந்து பார்த்தால்தான் டியூப் சதைக்குள் புகுந்து வெளியே வந்திருப்பது தெரியும்.

இதைத் தவிர்ப்பது எளிது. கண் நான்கு இடம் மாற வேண்டும். பிளேடை நுழைக்கும்போது வாயைப் பாருங்கள். குரல் நாண்களைத் தேடும்போது திரையைப் பாருங்கள். டியூபை நுழைக்கும்போது மறுபடி வாயைப் பாருங்கள், நுனி கண்ணுக்கு மறையும்வரை. அப்புறம் திரைக்குத் திரும்புங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் தாவிவிடுகிறார்கள். துளைத்துவிட்டால் அவசரமாக உருவாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரை வரவழைத்து, இரத்தக்கசிவைப் பார்த்துக்கொண்டு, அவர் கண்முன் எடுங்கள். பெரும்பாலான துளைகள் தையல் இல்லாமலோ ஓரிரு தையலிலோ ஆறிவிடும்.

டியூபின் நுனி குரல் நாண்களைத் தாண்டியதும் ஸ்டைலெட்டைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, வெறும் டியூபை மட்டும் தள்ளுங்கள். ஸ்டைலெட்டோடு சேர்த்து ஆழமாகத் தள்ளுவது மூச்சுக்குழாய்க் கிழிசலுக்கு நன்றாகத் தெரிந்த வழிகளில் ஒன்று. பூஜியும் (டியூபுக்கு வழிகாட்ட முதலில் நுழைக்கும் மெல்லிய நீண்ட குச்சி) அப்படித்தான். 25 செ.மீ. வாக்கில் நிறுத்துங்கள். "தட்டுகிறதா பார்க்கலாம்" என்று இன்னும் உள்ளே செலுத்திச் சிறு மூச்சுக்கிளைகளைக் குத்த வேண்டாம்.

பூஜியின் மேல் டியூபை இறக்கும்போது குரல் நாண் வாசலில் வந்து முட்டி நின்றால், அது பெரும்பாலும் வலப்பக்க அரிட்டினாய்டில் (குரல் நாணின் பின்முனையில் உள்ள சிறு குருத்தெலும்பு) சிக்கியிருக்கும். தள்ளினால் அந்தச் சின்ன மூட்டுதான் நழுவும். சற்றே பின்வாங்கி, டியூபை எதிர்க்கடிகாரத் திசையில் 90 பாகை திருப்பி இறக்குங்கள். வழுக்கிக்கொண்டு போய்விடும். இந்த வேலையில் பலத்தைக் கூட்டத் தோன்றும் ஒவ்வொரு இடத்திலும் கோணத்தை மாற்றிப் பார்ப்பதுதான் வழி.

எத்தனை முறை முயலலாம்? பிரிட்டனின் கடின சுவாசப்பாதைச் சங்கம் 2015-ல் வெளியிட்ட வழிமுறை மூன்று முயற்சிகளையும், கூடுதல் அனுபவமுள்ளவர் வந்தால் இன்னொன்றையும் அனுமதிக்கிறது. இது உச்சவரம்பு. இலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். முயற்சி கூடக் கூட வீக்கமும் இரத்தமும் கூடும், ஒவ்வொன்றும் அடுத்ததைக் கடினமாக்கும்.

படி 3: முதல் நிமிடம், திரையில் வரும் கோடு

உணவுக்குழாய்க்குள் டியூப் போவது அரிதல்ல. போனது தெரியாமல் இருப்பதுதான் அரிது, அது நடந்தால் கொல்லும். மார்பு ஏறுவது, டியூபுக்குள் பனி படிவது, ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் சத்தம் ஆகிய மூன்றும் ஏமாற்றியிருக்கின்றன. ஏமாற்றாதது மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு. பிரிட்டனில் 2011-ல் வெளியான நான்காவது தேசியத் தணிக்கை அறிக்கை, ஐசியூவில் சுவாசப்பாதை சார்ந்து நேர்ந்த மரணம் மற்றும் நிரந்தர மூளைப் பாதிப்புகளில் 74 சதவீதத்தில் கேப்னோகிராஃபி இல்லாதது ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று கணித்தது.

ஒரு அலை வந்தால் போதுமா? போதாது. மாஸ்க் வழியாக ஊதியபோது வயிற்றுக்குப் போன காற்றில் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு இருக்கும். முதல் சில மூச்சுகளில் அது திரும்பி வந்து பொய்க் கோடு போடும், பிறகு தேய்ந்துவிடும். ஆகவே 2022-ல் வந்த சர்வதேச வழிமுறை குறைந்தது ஏழு மூச்சுகளுக்கு அலை தேயாமல் வர வேண்டும், உச்சம் அடிக்கோட்டிலிருந்து 7.5 மி.மீ. பாதரசத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது. எண்ணுங்கள், வாய்விட்டே எண்ணுங்கள்.

கோடு தட்டையாக வந்தால் "மூச்சுக்குழாய் இறுகியிருக்கும்", "இதயம் நின்றுவிட்டதால் வராது", "மெஷின் கோளாறு" என்று சமாதானம் சொல்ல மனம் துடிக்கும். இதயம் நின்று, மார்பை அழுத்திக்கொண்டிருக்கும்போதுகூடச் சிறிய அலையாவது வரும். வரவில்லை என்றால் டியூப் தவறான இடத்தில் இருக்கிறது என்றே முதலில் கொள்ளுங்கள். எடுத்துவிட்டு மாஸ்க்கில் ஊதுங்கள்.

டியூப் சரியான இடத்திலேயே இருந்தும் காற்று போகாத சந்தர்ப்பங்கள் உண்டு. கஃப் (டியூபின் நுனியருகே காற்று ஊதி உப்பவைக்கும் பலூன்) பிதுங்கி நுனியை மூடியிருக்கலாம், இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம், டியூப் வாய்க்குள் மடிந்திருக்கலாம். சக்ஷன் குழாய் தடையில்லாமல் இறங்குகிறதா என்று பாருங்கள், கஃப் காற்றை இறக்கிப் பாருங்கள். ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டிய கம்பிச்சுருள் டியூபைத் திரும்பத் திரும்பக் கிருமிநீக்கம் செய்து போட்டால், உட்சுவர் குமிழ்போல உப்பி அடைத்துக்கொள்ளும். அது சிக்கனம் அல்ல.

இனி ஆழம். முன்பல்லுக்கு நேரே டியூபில் தெரியும் அளவு பெண்களுக்கு 21, ஆண்களுக்கு 23 செ.மீ. எக்ஸ்ரேயில் நுனி, மூச்சுக்குழாய் பிரியும் இடத்துக்கு 3 முதல் 5 செ.மீ. மேலே இருக்க வேண்டும். தலையைக் குனிய வைத்தால் டியூப் சுமார் 2 செ.மீ. கீழே இறங்கும், நிமிர்த்தினால் மேலே ஏறும். கீழே போனால் ஒரு நுரையீரல் சுருங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மேலே வந்தால் என்ன ஆகும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. குரல் நாண்களுக்கு 6 முதல் 10 மி.மீ. கீழே, குரல் நரம்பின் முன்கிளை குருத்தெலும்புக்கும் உப்பிய கஃப்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் இடம் இருக்கிறது. கஃப் அங்கே நின்றால் நரம்பு நசுங்கும். கஃப்பின் மேல்விளிம்பு குரல் நாண்களுக்கு ஒன்றரை செ.மீ. கீழே இருக்கட்டும்.

கஃப் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள். 30-ஐத் தாண்டினால் உட்சவ்வின் இரத்த ஓட்டம் குறைகிறது, 50-ஐத் தொட்டால் அழுத்தப்பட்ட இடத்தில் நின்றே போகிறது என்று 1984-லேயே காட்டிவிட்டார்கள். இன்றைக்கும் கஃப்போடு இணைந்து வெளியே தொங்கும் சிறு பலூனை இரண்டு விரலால் அமுக்கி "சரியா இருக்கு" என்று சொல்லும் வழக்கம் போகவில்லை. விரலுக்கு 30-க்கும் 60-க்கும் வித்தியாசம் தெரியாது. அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டர் வையுங்கள். மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தால் அது கஃப்புக்குள் ஊடுருவி அழுத்தத்தைக் கூட்டும். நோயாளியை விமானத்தில் கொண்டுபோனால் உயரம் கூட்டும்.

படி 4: முதல் சில மணி நேரம், கழுத்து உப்பினால்

மூச்சுக்குழாய்க் கிழிசல் சாதாரண டியூபில் சுமார் 20,000 பேரில் ஒருவருக்கு நேர்கிறது. நெஞ்சு அறுவைக்குப் போடும் இரட்டைக் குழல் டியூபில் இன்னும் அதிகம். மூச்சுக்குழாயின் முன்னும் பக்கவாட்டிலும் குருத்தெலும்பு வளையங்கள் தாங்குகின்றன. பின்சுவர் வெறும் சவ்வு, கிழிவது அங்கேதான், பெரும்பாலும் நெடுக்காக. பெண்கள், குள்ளமானவர்கள், முதியவர்கள், நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். காரணம் ஸ்டைலெட்டாக இருக்கலாம், அளவுக்கு மீறி ஊதிய கஃப்பாக இருக்கலாம். கஃப் காற்றை இறக்காமலே டியூபை இழுத்து இடம் மாற்றியதாகவும் இருக்கலாம்.

கிழிந்த உடனே தெரிவது குறைவு. கஃப்பே கிழிசலை மூடிக்கொண்டிருந்தால் டியூபை எடுத்த பிறகுதான் வெளிப்படும். முதல் தடயம் உங்கள் விரலில்தான் கிடைக்கும். காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் இரண்டு விரலை வைத்து லேசாக அழுத்துங்கள். தோலுக்கடியில் நறநறவென்று காற்று நகர்வது விரல் நுனிக்குத் தெரியும். பிறகு கழுத்து தடிக்கும், முகம் உப்பும், கண் இமை மூடிக்கொள்ளும். இருமலில் இரத்தம் வரலாம்.

முதல் வேலை நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்து அதை அமுக்குவது) இருக்கிறதா என்று பார்ப்பது. இரத்த அழுத்தம் சரிந்து ஒரு பக்கம் காற்று போகவில்லை என்றால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமல் காற்றை வெளியேற்றுங்கள். அடுத்து, வென்டிலேட்டரின் அழுத்தத்தை நோயாளி தாங்கும் அளவுக்குக் குறையுங்கள், நைட்ரஸ் ஆக்சைடை நிறுத்துங்கள். பிராங்கோஸ்கோப்பால் பார்த்துக்கொண்டே டியூபை நகர்த்தி, கஃப் கிழிசலுக்குக் கீழே நிற்கும்படி செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினால் கிழிசல் நீளும், அல்லது டியூப் அந்த வழியாகவே வெளியே போய்விடும். நோயாளி டியூப் இல்லாமல் தானாக மூச்சு விடுகிறார் என்றால், மூச்சுத்திணறலுக்கு மாஸ்க் வென்டிலேஷன் மாட்டிவிடும் வழக்கமான கை இங்கே ஓங்கக் கூடாது. அழுத்தமாகத் தள்ளும் காற்று நேரே நெஞ்சின் நடுப்பகுதிக்குப் போகும்.

சிடி ஸ்கேன் நெஞ்சுக்குள் சிதறிய காற்றைக் காட்டும். கிழிசலின் இடத்தையும் நீளத்தையும் உறுதிசெய்வது பிராங்கோஸ்கோப்பிதான். 2 செ.மீ.க்கு உட்பட்டது, நோயாளியின் நிலை சீராக இருக்கிறது, காற்றுக் கசிவு கூடவில்லை என்றால் ஆன்டிபயாடிக் கொடுத்துக் காத்திருந்தே ஆற்றிவிடுகிறார்கள். நீளமானது, கிழிசல் வழியாக உணவுக்குழாய் பிதுங்குவது, வென்டிலேட்டர் வைத்தும் ஆக்சிஜன் ஏறாதது என்றால் நெஞ்சு அறுவை நிபுணர் வேண்டும்.

கழுத்தில் காற்று என்றாலே மூச்சுக்குழாய்க் கிழிசல் என்றும் முடிவுகட்ட வேண்டாம். வென்டிலேட்டர் அழுத்தத்தில் நுரையீரலின் காற்றறை வெடிப்பது அதைவிட அதிகம் நடக்கிறது. இன்னொன்று, பலரும் தவறவிடுவது: தொண்டையின் அடிப்பகுதியிலோ உணவுக்குழாயிலோ விழுந்த ஓட்டை. கடினமான முயற்சிக்குப் பிறகு கழுத்து வலி, காய்ச்சல், தோலுக்கடியில் காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தால் வாய்வழி எதையும் கொடுக்காமல் நிறுத்திவிட்டு, ஆன்டிபயாடிக் தொடங்கி, அன்றைக்கே சிடி எடுத்து, அறுவை நிபுணரைக் கூப்பிடுங்கள். நெஞ்சின் நடுப்பகுதிக்குச் சீழ் இறங்கிய பிறகு காப்பாற்றுவது மிகவும் கடினம்.

படி 5: ஐசியூவில் ஓடும் நாட்கள்

இங்கே மருத்துவரைவிடச் செவிலியரின் கண்ணுக்குத்தான் முதலில் படும். உதட்டு ஓரப் புண், நாக்கு தடிப்பது, மூக்கு விளிம்பு கறுப்பது இவையெல்லாம் டியூபின் இடத்தைத் தினமும் மாற்றிக் கட்டினால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியவை. குப்புறப் படுக்க வைக்கும் நோயாளிகளுக்கு நாக்கு பற்களுக்கிடையே மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

நான் அதிகம் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. "கஃப் லீக் ஆகுது, கொஞ்சம் காத்து ஏத்தினேன்" என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் யாராவது எழுதியிருப்பார்கள். திங்கட்கிழமை 6 மி.லி., வெள்ளிக்கிழமை 12 மி.லி. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் இல்லை. சேர்த்துப் பார்த்தால் மூன்றில் ஒன்று: வால்வு பழுதாகியிருக்கிறது, டியூப் மேலே ஏறிக் குரல் நாண்களுக்கிடையே கஃப் நிற்கிறது, அல்லது மூச்சுக்குழாயின் சுவரே தளர்ந்து விரிகிறது. மூன்றாவதில் மேலும் மேலும் காற்று ஏற்றினால் நோயை நாமே வளர்க்கிறோம். ஏற்றிய அளவை எழுதுங்கள். இரண்டாவது முறை ஏற்ற வேண்டி வந்தால் எக்ஸ்ரே பார்க்காமல் ஏற்றாதீர்கள்.

கஃப்புக்கும் பின்னால் உணவுக்குழாயில் இருக்கும் கெட்டியான உணவுக்குழலுக்கும் (உணவு கொடுக்கப் போடும் டியூப்) நடுவில் நசுங்கி, இரண்டு குழாய்களுக்கும் இடையே ஓட்டை விழுவதுண்டு. சளியில் உணவின் நிறம், உணவு கொடுக்கும்போதெல்லாம் இருமல், ஒவ்வொரு மூச்சிலும் வயிறு உப்புவது, வென்டிலேட்டர் கொடுத்த காற்று முழுவதும் திரும்பி வராதது ஆகியவை அதன் அடையாளங்கள். உணவை நிறுத்திவிட்டு பிராங்கோஸ்கோப்பிக்கு ஏற்பாடு செய்யுங்கள். மென்மையான, மெல்லிய உணவுக்குழலை முதலிலேயே போட்டிருந்தால் இந்த ஆபத்து குறையும்.

படி 6: டியூபை எடுக்கும் நேரம்

பல நாள் டியூபில் இருந்தவர், பல முயற்சிகளுக்குப் பின் போடப்பட்டவர், பெரிய டியூப் உள்ள பெண்கள் ஆகியோருக்கு எடுக்கும் முன் கஃப் லீக் சோதனை செய்யுங்கள். காற்றை இறக்கிய பிறகு டியூபைச் சுற்றிக் கசியும் அளவு 110 மி.லி.க்குக் குறைவாக இருந்தால் உள்ளே வீக்கம் இருக்க வாய்ப்புண்டு. ஸ்டீராய்டு கொடுப்பதானால் நேரத்தோடு கொடுங்கள். 2007-ல் வெளியான பெரிய ஆய்வில் பலன் தந்த முறை, எடுப்பதற்கு 12 மணி நேரம் முன்பே மெத்தில்பிரெட்னிசோலோன் 20 மி.கி. தொடங்கி 4 மணிக்கு ஒருமுறை தொடர்வது. எடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு ஒரு ஊசி போடுவது நம் மன ஆறுதலுக்குத்தான்.

மயக்கம் தெளியும்போது பலசாலியான இளைஞர் டியூபைக் கடித்துக்கொண்டு பலமாக மூச்சு இழுப்பார். காற்று போக வழியில்லை, நெஞ்சுக்குள் எதிர்மறை அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், அந்த இழுவிசை இரத்தக் குழாய்களிலிருந்து நீரை நுரையீரலுக்குள் இழுத்துவிடும். சில நிமிடங்களில் இளஞ்சிவப்பு நுரை பொங்கும். இதயம் முழு ஆரோக்கியத்தோடு இருக்கும். முன்கூட்டியே உருட்டிய காஸ் துணியைக் கடைவாய்ப் பற்களுக்கிடையே வைத்திருந்தால் இது நடக்காது. முன்பற்களுக்கிடையே வைத்தால் பல் உடையும். கடித்துவிட்டார் என்றால் வாயைத் திறக்கப் போராடுவதோடு கஃப் காற்றையும் இறக்கிவிடுங்கள், டியூபைச் சுற்றியாவது காற்று போகும். தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்துத் தளர்த்துங்கள். நுரையீரலில் நீர் கோத்த பிறகு ஆக்சிஜனும் அழுத்தக் காற்றும்தான் முக்கிய சிகிச்சை. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் முழுசாகத் தெளிந்துவிடும்.

டியூப் வர மறுத்தால் இழுக்காதீர்கள். கஃப் முழுசாக இறங்கியதா என்று பாருங்கள். நெஞ்சிலோ கழுத்திலோ அறுவை நடந்திருந்தால் தையல் டியூபோடு சேர்ந்து விழுந்திருக்கிறதா என்று யோசியுங்கள்.

படி 7: எடுத்த பிறகு, மணிகளும் நாட்களும்

டியூப் எடுத்த சற்று நேரத்தில் மூச்சை இழுக்கும்போது சீட்டி போல ஒரு சத்தம் வந்தால் அது பெரும்பாலும் குரல்வளை வீக்கம். அட்ரினலின் நெபுலைசர், ஸ்டீராய்டு, உட்கார வைப்பது என்று தேறிவிடும், அல்லது மறுபடி டியூப் தேவைப்படும். அரிதானது வேறு. முதலில் நன்றாக இருப்பார். சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்துத் திணறுவார், பிறகு சரியாவார், இருமினால் மறுபடி திணறுவார். மருந்துக்குக் கட்டுப்படாது. டியூபின் பலூனான கஃப் அழுத்திய இடத்தில் செத்த சவ்வும் ஃபைப்ரினும் (இரத்தம் உறையும்போது உண்டாகும் நார்ப்பொருள்) சேர்ந்து உறைபோலப் படிந்து, ஒரு பக்கம் கழன்று, ஒற்றைக்கீல் கதவாக மூச்சுக்கு மூச்சு திறந்து மூடிக்கொண்டிருக்கும். மறுபடி டியூப் போட்டதும் அதிசயமாகச் சரியாகிவிடும், ஏனென்றால் டியூப் அந்த உறையைச் சுவரோடு அமுக்கிவிடுகிறது. எடுத்தால் மறுபடியும் அதே கதை. வீக்கம் என்று நினைத்துச் செய்யும் சிகிச்சை பலிக்காமல் போகும்போதே பிராங்கோஸ்கோப்பில் பாருங்கள். உறையை எடுத்துவிட்டால் நோயாளி அன்றைக்கே நிம்மதியாக மூச்சு விடுவார்.

சரி, குரலுக்கு வருவோம். மூன்று நாளில் கொஞ்சமும் தேறாத குரல், எச்சில் விழுங்கவே வலி, தண்ணீர் குடித்தால் புரையேறுவது. இப்படி ஒருவர் இருந்தால் "போகப் போகச் சரியாகும்" என்று அனுப்பக் கூடாது. ஒரு வாரம் என்பது என் கணக்கில் கடைசி வரம்பு, அதற்குள் காது மூக்கு தொண்டை மருத்துவர் மெல்லிய கேமராவால் குரல் நாண்களைப் பார்த்துவிட வேண்டும். ஒரு பக்கக் குரல் நாண் அசையவில்லை என்று தெரிந்தால் இரண்டு சாத்தியங்கள். நரம்பு நசுங்கியிருக்கலாம், குரல்வளையின் அரிட்டினாய்டு மூட்டு நழுவியிருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் சிடியும், குரல்வளைத் தசைகளின் மின்னோட்டச் சோதனையும்தான் பிரித்துக் காட்டும்.

பிரித்துப் பார்ப்பது ஏன் அவசியம்? நரம்பு என்றால் காத்திருக்கலாம். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் திரும்பிவிடும், இடையில் குரல் பயிற்சி போதும். மூட்டு என்றால் காத்திருப்பதே கேடு. முதல் சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில், மயக்கம் கொடுத்து மூட்டைப் பழைய இடத்தில் தள்ளி உட்கார வைத்துவிடலாம். தாமதித்தால் நழுவிய இடத்திலேயே மூட்டு இறுகிப்போகும், குரல் அப்படியே நின்றுவிடும். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வரும் என்பதால்தான் இது தவறிப்போகிறது.

குரல் கம்மியதோடு நாக்கை நீட்டும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றால் பக்கவாதம் என்று பயந்து மூளை ஸ்கேனுக்கு ஓடுவார்கள். அதைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் தொண்டையில் அழுத்தம் விழுந்து, குரலுக்கும் நாக்குக்கும் போகும் இரண்டு நரம்புகளும் ஒரே பக்கத்தில் அடிபடுவதும் உண்டு. ஸ்பெயின் மருத்துவர் அன்டோனியோ கார்சியா டாப்பியாவின் பெயரால் டாப்பியா சின்ட்ரோம் என்று அழைக்கப்படுவது இதுதான். கழுத்தைத் திருப்பி வைத்துச் செய்யும் நீண்ட அறுவைகளுக்குப் பிறகு வருகிறது. பலருக்கு மாதங்களில் தேறும்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சில் சத்தம், கழுத்தோ முகமோ உப்புவது, கழுத்து வலியோடு காய்ச்சல், இருமலில் இரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் "இத்தனை நாளைக்கு முன்னால் டியூப் போட்டு எடுத்தார்கள்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

படி 8: வாரங்களும் மாதங்களும்

தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டிருப்பது போலவும் குரல் கரகரப்பாகவும் சில வாரம் கழித்துத் தொடங்கினால் குரல் நாணின் பின்பகுதியில் டியூப் உரசிய இடத்தில் சதைத்துணுக்கு வளர்ந்திருக்கலாம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து, குரலுக்கு ஓய்வு என்று பெரும்பாலும் சுருங்கிவிடும்.

மூச்சுக்குழாய்ச் சுருக்கம் அப்படியல்ல. கஃப் அழுத்திய இடத்தில் புண்ணாகி, ஆறும்போது தழும்பு சுருங்கி, குழாயின் வாயைக் கட்டுகிறது. வீட்டுக்குப் போன முதல் வாரங்களில் நன்றாக இருப்பார். பிறகு மாடிப்படி ஏறினால் இளைக்கும். "இவ்வளவு நாள் படுத்திருந்த பலவீனம்" என்பார்கள். குழாயின் விட்டம் ஏறத்தாழ 8 மி.மீ.க்குக் குறையும்போதுதான் நடந்தால் இளைக்கிறது. சும்மா இருக்கும்போதே சத்தம் கேட்கிறது என்றால் ஏறத்தாழ 5 மி.மீ. வரை வந்துவிட்டது என்று பொருள், அதாவது கெட்டியாக ஒரு சளி அடைத்தாலே போதும், மூச்சு நின்றுவிடும்.

இதற்கும் ஆஸ்துமாவுக்கும் வித்தியாசம் தெரிய, சத்தம் எங்கே, எப்போது கேட்கிறது என்று பாருங்கள். ஆஸ்துமாவின் சத்தம் நெஞ்சில், மூச்சை விடும்போது. இதன் சத்தம் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் உரக்கக் கேட்கும், பெரும்பாலும் மூச்சை இழுக்கும்போது. இன்ஹேலருக்கு அசையாது. ஸ்பைரோமெட்ரி (ஊதச் சொல்லி மூச்சின் வேகத்தை அளக்கும் சோதனை) செய்தால் மூச்சை இழுக்கும் வளைவும் விடும் வளைவும் மேலே தட்டையாக வெட்டினாற்போல இருக்கும். சந்தேகம் வந்தால் சிடி, பிறகு பிராங்கோஸ்கோப்பி. மெல்லிய வலைபோன்ற சுருக்கத்தை பிராங்கோஸ்கோப் வழியாகவே வெட்டி விரிக்கலாம். நீளமானது, குருத்தெலும்பு நொறுங்கியது என்றால் அந்தத் துண்டையே வெட்டியெடுத்து இரண்டு முனைகளையும் இணைக்கும் அறுவை செய்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் பொதுவாக இருப்பது "வென்டிலேட்டர் சிகிச்சை அளிக்கப்பட்டது" என்ற ஒரு வரி. அதோடு நான்கு விவரங்களைச் சேர்த்து எழுதிக் கொடுங்கள்: டியூபின் அளவு, எத்தனை முயற்சியில் போனது, எத்தனை நாள் இருந்தது, எடுத்த அன்று குரல் எப்படி இருந்தது. அதன் கீழே, அடுத்த ஆறு மாதத்துக்குள் புதிதாக மூச்சிரைப்போ மூச்சில் சத்தமோ வந்தால் ஆஸ்துமா என்று முடிவுகட்டும் முன் மூச்சுக்குழாயைப் பார்க்கவும் என்று ஒரு குறிப்பு. அந்தச் சீட்டை அடுத்துப் படிக்கப்போகும் மருத்துவர் நோயாளியை முதன்முறையாகப் பார்ப்பவராக இருப்பார்.